பேசுவதற்கு ஓர் இடம்

எனக்கு முதலில் பிறந்தது பெண். மூச்சில்லாமல் பிறந்தாள். ஆரம்பாக்கத்தில் என் அம்மா வீட்டில் இருந்தபோது, ஏழாம் மாதம் முடிகிற சமயத்தில், வயிற்றுக்குள் அசைவு நின்றுபோனது. நைனா, என் அப்பா, பதறியடித்து ஒரு வாடகைக் காரைக் கூட்டிவந்து என்னைச் சென்னையில் இருக்கிற பெரிய அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்திருந்தது. டாக்டரம்மா அதைப் பக்குவமாகத்தான் சொன்னார். யார்மேலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் என் கணவருக்கு அந்தக் கட்டடத்தின்மேல் தீராத வெறுப்பு வந்துவிட்டது. துணியில் சுற்றிய குழந்தையை அவர் கையில்தான் கொடுத்தார்கள். நான் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டதால் அவர் மட்டும் பார்த்தார். "மூக்கு உன்ன மாதிரியே" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

அவர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு இரும்பு ரோலிங் மில்லில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். நாங்கள் ரயிலடிக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். அவருடைய அம்மாவும் எங்களோடுதான். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மறுபடியும் எனக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்த அன்றைக்கு என் கணவர் சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னார்: "இந்த வாட்டி பிரைவேட்டுதான். அந்த கவர்மெண்டு ஆஸ்பத்திரி வாசப்படிய இனிமே மிதிக்கமாட்டன். சத்தியம்."

அத்தை என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். எனக்கும் அது சரியென்றே பட்டது.

பொன்னேரியில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினோம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். எனக்குத்தான் எதுவும் நன்றாக இல்லை. குழந்தை அசைந்தால் எப்போது நிற்கப் போகிறதோ என்று பயம். அசையாமல் இருந்தால் நின்றுவிட்டதோ என்று பயம். வயிற்றில் கையை வைத்தபடியே பாத்திரம் கழுவினேன், துணி காயப்போட்டேன். தூக்கம் போய்விட்டது. வயிற்றில் இருந்த பிள்ளையைப் பற்றி யோசிக்க உட்கார்ந்தால், யோசனை நேராக அந்த முதல் பெண்ணிடம் போய் நின்றது. அவள் இருந்திருந்தால் இந்நேரம் நடந்திருப்பாள். என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்திருப்பாள். காலி வாசலில் அவளைத் தேடிக்கொண்டு நிற்பேன்.

ஆறாம் மாதம், லேடி டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கழற்றிக்கொண்டே, "நீங்க அழுது ரொம்ப நாளாச்சா, இல்ல தினமும் அழறீங்களா?" என்று கேட்டார். இரண்டில் எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் என் கணவரை உள்ளே கூப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் கவனிப்பு வேண்டும், யாரிடமாவது முறையாகப் பேச வேண்டும் என்றார். சென்னையில் அந்தப் பெரிய அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, போனால் பார்ப்பார்கள், கூட்டம் இருக்கும். இல்லையென்றால் அண்ணா நகரில் தனக்குத் தெரிந்த கவுன்சிலர் ஒருவர் இருக்கிறார், நேரம் வாங்கிக்கொண்டு போகலாம், ஒரு மணி நேரம் முழுசாகப் பேசலாம்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அத்தைதான் ஆரம்பித்தார்.

"பேசறதுக்கு எதுக்குடா டாக்டரு? நாம இல்லியா பேச?"

"நாம பேசிக்கினுதான் கீறோம். அவ பேசறாளா?" என்றார் அவர்.

என் கணவர் என் பக்கம் திரும்பி, "அண்ணா நகர்தான். இன்னா ஆனாலும் பாத்துக்கலாம்" என்றார். விஷயம் கேள்விப்பட்டு நைனா ஆரம்பாக்கத்திலிருந்து வந்தார். "டப்பு, காசுன்னு பாக்காத. பொண்ணு மனசு தேறணும்" என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, கொண்டுவந்த புது அரிசி மூட்டையை உள்ளே இறக்கிவைத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போனார்.

அந்த அறையை இன்றைக்கும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு பார்க்க முடியும். வெளிர்பச்சைத் திரை. இரண்டு நாற்காலிகள், எதிரெதிராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்துப் போட்டிருப்பார்கள். கதவைச் சாத்தினால் தெருச் சத்தம் அப்படியே அடங்கிப்போகும். ரயில், மில் சங்கு, பக்கத்து வீட்டு டிவி என்று பழகிய காதுக்கு அந்த அமைதி முதலில் பயமாக இருந்தது. கவுன்சிலர் மேடத்துக்கு என் அம்மா வயது இருக்கும். "இப்போ என்ன ஃபீல் பண்றீங்க?" என்று கேட்பார். "ஒண்ணுமில்ல மேடம்" என்பேன். அவர் அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார். காத்திருப்பார். நான் ஒன்று சொல்வேன் என்று நம்பி யாரும் அதுவரை எனக்காக அப்படிக் காத்திருந்ததில்லை. எங்கள் வீட்டில் நான் வாயைத் திறக்கும் முன்பே குக்கர் கூப்பிட்டுவிடும், இல்லாவிட்டால் தண்ணீர் லாரி வந்துவிடும்.

பேசியது கொஞ்சம்தான். பயத்தைப் பற்றிச் சொன்னேன். தூக்கம் வராததைச் சொன்னேன். மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று சொல்லிக்கொடுத்தார். அதனால் கொஞ்சம் தூங்கவும் செய்தேன். வாரம் விட்டு வாரம் போனோம். நடுவில் வருகிற நாட்களில் நான் ஏங்கியது என் அம்மாவுக்காக அல்ல, புளிப்புக்காகவும் அல்ல. அந்த நாற்காலிக்காக.

ஒன்பதாம் மாதம் பிறக்கிற சமயத்தில் ஒருநாள் அவர் கேட்டார். "அந்த முதல் குழந்தைக்குன்னு மனசுல ஒரு பேர் வெச்சிருந்தீங்களா?"

வைத்திருந்தேன். யாருக்கும் சொல்லாத பெயர், கணவருக்கும் தெரியாது. நாக்கு நுனி வரை வந்தது. அவர் காத்திருந்தார். திரை லேசாக ஆடியது. வார்த்தைக்குப் பதில் கண்ணீர்தான் வந்தது. நேரம் முடிந்துவிட்டது. வாசல் வரை வந்து என் தோளைத் தொட்டு, "பரவாயில்ல, அடுத்த வாட்டி சொல்லுங்க" என்றார்.

அடுத்த வாட்டி வரவில்லை. இரும்புக்கு ஆர்டர் இல்லையென்று மில்லில் ஒரு ஷிஃப்டை நிறுத்திவிட்டார்கள். என் கணவருக்குப் பாதி நாள்தான் வேலை. "எப்படியாச்சும் பெரட்டிக்கலாம்" என்றார். ரயிலில் கூட்டத்தில் இடிபட்டுப் போக முடியாத நிலையில் நானும் இருந்தேன். பிரசவத்துக்கே பிரைவேட்டு என்று முடிவு செய்தாகிவிட்டது. இரண்டையும் எப்படி இழுப்பது? "வேணாங்க, இப்ப தேவலாம்" என்றேன். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்த பிறகு மேலே எதுவும் சொல்ல மனம் வரவில்லை.

பொன்னேரி நர்சிங் ஹோமில் பையன் பிறந்தான். வெளியே நின்ற என் கணவருக்குக் கேட்கிற அளவுக்கு வீறிட்டு அழுதானாம். அத்தை சர்க்கரை வாங்கிவந்து எல்லார் கையிலும் கொட்டினார். நைனா மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன்.

உள்ளே ஒன்றும் இல்லை.

இதை எப்படி எழுதுவதென்று இப்போதும் தெரியவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். துணி மாற்றினேன். அழுதால் தூக்கினேன். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது போலத்தான் இருந்தது. அதன் சொந்த அம்மா எங்கோ கடைக்குப் போயிருக்கிறாள், வந்ததும் வாங்கிக்கொள்வாள் என்பதுபோல. அவனைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்று ஆசைப்பட வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. அந்த ஆசை வரவில்லை. தெருவில் ஒருத்தி தன் பிள்ளையின் உள்ளங்காலை முகத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டு சிரிப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அதுபோல நானும் அவன் காலை என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

கண்டுபிடித்தது அத்தைதான். தடுப்பூசிக்காக வந்த சுகாதார நர்ஸிடம், நான் உள்ளே இருக்கிறேன் என்பது தெரிந்தே, சத்தமாகச் சொன்னார். "பாலு குடுக்கறா, குளுப்பாட்டறா, எல்லாம் செய்றா. புள்ள மூஞ்சிய மட்டும் பாக்கமாட்றா. எனக்கு பயமா கீதும்மா."

நர்ஸ் உள்ளே வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பிரசவத்துக்குப் பிறகு சில பேருக்கு இப்படி வரும், வைத்தியம் இருக்கிறது, தள்ளிப்போடாதே என்றார். அவர் சொன்னதும் அதே பெரிய அரசு மருத்துவமனையைத்தான். அண்ணா நகருக்குப் போக அப்போது வழியே இல்லை. மில் முழுசாகத் திறக்கவில்லை.

அன்று மாலை என் கணவரிடம் நானே பேசினேன். "நீங்க சத்தியம் பண்ணீங்க. நா பண்ணல. நா போறேன்."

"அந்த எடத்துக்கா? உன்னால நிக்க முடியுமா அங்க?"

"தெரியல."

அவர் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து, கை கால் கழுவிவிட்டு, "அம்மாவ கூட்டிக்கினு போ. நா ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் வர்றன். உள்ள வரமாட்டன்" என்றார். அப்படியே செய்தார். அந்த முதல் நாள் முழுக்க அவர் மருத்துவமனை வாசலில், தெருவுக்கு அந்தப் பக்கம், வெயிலில் நின்றார்.

உள்ளே மனநலப் பிரிவுக்குப் போகிற வழி பிரசவ வார்டைத் தாண்டித்தான் போனது. பினாயில் வாசனை வந்ததும் என் கால் நின்றுவிட்டது. அத்தை ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறுகையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். "நட. நா கீறன். நட" என்றார். அந்த ஒரு பிடிக்காகவே அவருக்கு நான் கடைசிவரை கடன்பட்டவள்.

அண்ணா நகர் அறைக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நீள பெஞ்சு. எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். டாக்டர் கொஞ்ச நேரம்தான் பார்ப்பார். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டார். தூக்கம், பசி, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா, பிள்ளையை ஏதாவது செய்துவிடலாம் என்று தோன்றுகிறதா. மாத்திரை எழுதிக் கொடுத்து, அதைச் சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுக்கலாம் என்றார். பிறகு சோஷியல் ஒர்க்கர் மேடம். ஒரு இரும்பு பீரோவுக்குப் பின்னால் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். பீரோதான் மறைப்பு. பேசுவது பெஞ்சு வரைக்கும் கேட்கும். நான் பதில் சொல்லத் தயங்கினால் பெஞ்சிலிருந்து யாராவது, "ராத்திரில தூங்கறதில்லியாம் மேடம், இப்பத்தான் எங்கிட்ட சொல்லிக்கினு இருந்துச்சு" என்று எடுத்துக் கொடுப்பார்கள். எனக்கு உடம்பு கூசியது. அந்தச் சாத்திய கதவுக்காக, அந்தப் பச்சைத் திரைக்காக மனசு அடித்துக்கொண்டது. இரண்டு முறை போய்விட்டு, இன்னும் ஒரு முறையோடு நிறுத்திவிடுவது என்றே முடிவு செய்திருந்தேன்.

மூன்றாம் முறையோடு நிற்காமல் போனதற்கு ஒரு பெண் காரணம். பழவேற்காட்டில் ஜவுளி வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பத்து மருமகள். கறுப்பு புர்கா, ஒல்லி உடம்பு, மடியில் என் மகனைவிடச் சற்றுப் பெரிய பெண் குழந்தை. பொன்னேரியில் ஏறி எங்கள் ரயிலிலேயே வந்தாள். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாள்.

"உங்க ஊட்டுல வசதி இல்லியாக்கா, இங்க வர்றீங்க?" என்று நேராகவே கேட்டாள்.

"இருந்துச்சு. இப்ப கஷ்டம். உங்களுக்கு?"

"எங்களுக்கு கீது. பிரைவேட்டுல காட்டலாம்னுதான் சொன்னாங்க. நாந்தான் வேணாம்னேன். அங்க போனா நாலு பேருக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் ஒக்காந்துக்கினு இருப்பாங்க. இங்க இவ்ளோ கூட்டத்துல என்னை யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு முகத்திரையைத் தூக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டாள். "நல்லா மறைஞ்சிக்கலாம்."

நான் கூட்டத்துக்கு அஞ்சினேன், அவள் கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டாள். அன்றைக்கு பீரோவுக்குப் பின்னால் அவள் பேசியது எனக்குக் கேட்டது. பழம் நறுக்கக் கத்தியை எடுத்தால் கை நடுங்குகிறது, பக்கத்தில் பிள்ளை இருந்தால் என்ன செய்துவிடுவேனோ என்று பயம், கத்தி எல்லாவற்றையும் எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன் என்றாள். குரல் உடையவில்லை. சந்தையில் விலை கேட்பதுபோலச் சொன்னாள். மேடம், அந்த மாதிரி எண்ணம் வருவது வேறு, செய்வது வேறு என்று பொறுமையாக விளக்கினார். பெஞ்சில் இருந்த எங்களில் யாரும் ஒரு வார்த்தை குறுக்கே சொல்லவில்லை.

அடுத்தது நான். உட்கார்ந்ததும், மேடம் கேட்கும் முன்பே, என் முதல் மகளின் பெயரைச் சொல்லிவிட்டேன். பெஞ்சு முழுக்கக் கேட்டிருக்கும். அத்தைக்கும் கேட்டது. அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மறுநாள் காலையில் அத்தை விளக்கேற்றும்போது அந்தப் பெயரை ஒரு தரம் சொல்லிவிட்டுத் திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டதைப் பார்த்தேன்.

அதன்பிறகு எனக்கும் பழவேற்காட்டுப் பெண்ணுக்கும் ஒரே கிழமை என்று ஆனது. வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு நாள், அத்தைக்கு முட்டி வலி என்பதால், பிள்ளையை அவரிடமே விட்டுவிட்டு முதல் தடவையாகத் தனியாகப் போனேன். வீட்டிலிருந்து இறங்கும்போது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. கை லேசாக இருந்தது, அவ்வளவுதான்.

திரும்பும்போது ரயில் மீஞ்சூரில் நின்றது. முன்னால் ஏதோ சரக்கு வண்டி பழுதாகிவிட்டது என்றார்கள். சிக்னல் விழவே இல்லை. பெட்டிக்குள் புழுக்கம். ஆண்கள் இறங்கி நடைமேடையில் நின்று பீடி குடித்தார்கள். பழவேற்காட்டுப் பெண்ணின் குழந்தை பசியில் அழ ஆரம்பித்தது. முதலில் சிணுங்கல், பிறகு முழு அழுகை.

எனக்கு மார்பு சட்டென்று கனத்தது. இறுகியது. நான் என்னவென்று புரிந்துகொள்வதற்குள் ரவிக்கை நனைந்து, புடவையும் நனைந்தது. நிறுத்த முடியவில்லை. இரண்டு கைகளையும் குறுக்கே கட்டிக்கொண்டு குனிந்துகொண்டேன். இப்போது எழுந்திருப்பான். வாயைக் குவித்துத் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புவான். இடது காது மடல் கொஞ்சம் மடிந்திருக்கும், அழுதால் அது சிவந்துவிடும். இத்தனை நாளில் நான் பார்க்கவே இல்லை என்று நினைத்த முகம் அப்படியே எனக்குத் தெரிந்திருந்தது. எழுந்து கதவருகே போய் நின்றேன். ரயில் நகரவில்லை. தண்டவாளத்தில் இறங்கி நடந்துவிடலாமா என்று நினைத்தேன்.

"எங்கக்கா போற? ஒக்காரு" என்று அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். தன் பிள்ளையைச் சுற்றியிருந்த துண்டை உருவி என் மார்பின்மேல் போர்த்தினாள். நான் அழுவதைப் பார்த்து முதலில் பயந்தாள். பிறகு அவளுக்குப் புரிந்துவிட்டது.

"புள்ளதான் அம்மாக்காரியக் காணம்னு ஏங்கிப்போவும்னு சொல்லுவாங்க" என்றாள். "இங்க நீ ஏங்கிப்போயிட்ட."

என்ன ஃபீல் பண்றீங்க என்று அண்ணா நகரில் மேடம் வாரம் விட்டு வாரம் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். ஏக்கம் என்ற சொல் எனக்குத் தெரியாததா? ஆனால் அது அந்த நாற்காலியில் வரவில்லை, பீரோவுக்குப் பின்னாலும் வரவில்லை. எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. மாத்திரை வேலை செய்ததா, கேட்டுவிட்டுக் காத்திருந்தவரின் பொறுமை எனக்குள் போய்ச் சேர இத்தனை நாள் ஆனதா, அல்லது எல்லார் காதுபட அந்தப் பெயரைச் சொன்னதால் உள்ளே ஓர் இடம் காலியானதா?

ஒரு வழியாக வண்டி கிளம்பியது. பொன்னேரியில் அவள் இறங்கும்போது துண்டைத் திருப்பித் தரப்போனேன். "வெச்சிக்கோ" என்று கையை ஆட்டிவிட்டுப் போனாள். கும்மிடிப்பூண்டியில் இறங்கி நான் ஓடினேன். பிரசவித்த உடம்பு, ஓடக் கூடாது. ஓடினேன்.

பையன் பவுடர் பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். நான் கையை நீட்டியதும் அத்தை தடுத்தார். "தூங்கற புள்ளய எழுப்பாத. இப்பத்தான் கண்ண மூடினான்." நான் தூளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காத்திருந்தேன். மார்பு வலித்தது. மின்சாரம் போயிருந்தது. விசிறியால் விசிறிக்கொண்டே அந்த மடிந்த காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு ஆசையோடு நான் யாருக்காகவும் காத்திருந்ததில்லை. அவன் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, எந்த விசேஷமும் இல்லாமல் கொட்டாவி விட்டான்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். அடுத்த வாரமே மறுபடி வெறுமை வந்தது. போனது. வந்தது. மாத்திரையைப் பையன் தவழ்ந்து நடக்கத் தொடங்கும் வரை சாப்பிட்டேன். நடுவில் சோஷியல் ஒர்க்கர் மேடத்தை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நாள் பழவேற்காட்டுப் பெண் வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. தேறிவிட்டாள், அதனால்தான் வரவில்லை என்று நான் வைத்துக்கொண்டேன். அவள் வீட்டு முகவரி நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. மறைந்துகொள்ள வந்தவளிடம் எப்படிக் கேட்பது? பல வருஷம் பொன்னேரியில் ரயில் நிற்கும்போதெல்லாம் கறுப்பு புர்காக்களின் நடைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருத்தியின் நடையும் அவளுடையதாக இல்லை.

என் கணவருக்கு மில்லில் பிறகு முழு வேலை கிடைத்தது. "இப்ப வேணும்னா அண்ணா நகருக்கு ஒரு வாட்டி போய் வரியா?" என்று அவராகவே ஒருநாள் கேட்டார். போக வேண்டும் போலத்தான் இருந்தது. போகவில்லை. நோய்க்காக இல்லாமல் அந்த அமைதிக்காக மட்டும் போய் உட்காரலாமா என்று யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை.

பல வருஷம் கழித்து என் தம்பி மனைவிக்கும் அதே மாதிரி வந்தது. இரண்டாம் பிரசவம் முடிந்து ஆரம்பாக்கத்தில் இருந்தாள். ஃபோனில் என்னைக் கூப்பிட்டு, "கவர்மெண்டா, பிரைவேட்டா அண்ணி? நீங்க ரெண்டும் பாத்தவங்க" என்றாள். நான் ஒரு பதில் சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்த்தாள். "எதுல மொதல்ல எடம் கெடைக்குதோ அதுல. நா கூட வர்றன்" என்றேன்.

தனியாரில் கிடைத்தது. நான் அவளோடு போனேன். வேறு ஆள், வேறு தெரு, வேறு அறை. அவளைக் கூப்பிட்டதும் உள்ளே போனாள். கதவைச் சாத்தினார்கள். அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை. எழுந்துபோய் அந்தக் கதவைத் தட்டி, அடுத்து எனக்கும் கொஞ்ச நேரம் கொடுங்கள் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. பிள்ளை விரலைச் சப்பிக்கொண்டு தூங்கியது.

நேரமானதும் அவள் வந்தாள். கண் சிவந்திருந்தது. என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "பசிக்குது அண்ணி, நாஷ்டா எங்கியாச்சும் கெடைக்குமா?" என்றாள்.